பின் சீட்டில் ஒரு டயர்

காலையில் முதல் மாணவி வருமுன் டிக்கியைத் திறந்து, மாற்று டயரை இரு கைகளாலும் அணைத்துத் தூக்கிப் பின் சீட்டின் நடுவில் கிடத்துகிறார். ஒரு பக்கம் ஜாக்கி, மறுபக்கம் சாப்பாட்டுப் பை. ஆள் உட்கார இம்மியும் இடம் கிடையாது. ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவருக்கு டயரக்கா என்றே பெயர்.

டயர் அங்கே ஏறியது கணவர்களுக்காக. கார் பழக வரும் பெண்ணோடு கணவனோ அண்ணனோ தொற்றிக்கொண்டு வந்து, பின்னால் உட்கார்ந்து இரண்டாவது ஆசிரியராகிவிடுவார்கள். ஆண் ஓட்டும்போது எஞ்சின் நின்றால் வண்டியில் கோளாறு. பெண் ஓட்டும்போது நின்றால் பெண்ணிலேயே கோளாறு. கிளட்சுக்குத் தெரியாத இந்தப் பேதம் தெருவில் போகிற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

ஐம்பத்து மூன்று வயது. பதினோரு வருடம் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டியவர். பாடம் நடத்தும்போது கண்ணை அரைவாசி மூடியிருப்பார்; தூங்குகிறார் என்று நினைத்தால் மோசம் போவீர்கள். ஓரமாகவே ஊர்கிறவர்களிடம், "ரோடு என்ன உங்க மாமியார் வீடா, இப்படி ஒதுங்கி ஒதுங்கிப் போறீங்க?" என்பார். ஹார்னைத் தொட்டதும் கையை எடுப்பவர்களிடம், "நல்லா அமுக்குங்க. அது தூங்கற குழந்தை இல்ல."

நேற்று வந்தவர் விபத்துப் பிரிவு நர்ஸ். பிளந்த மண்டைகளைத் தைக்கும்போது உடனிருந்தும் கை நடுங்காதவர். கணவரின் பின்சீட்டுப் பாடத்தோடு வேறொரு பள்ளியில் பழகி, பாலத்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கத் தெரியாமல் இரண்டு முறை தேர்வில் தோற்றவர். ஊரின் மறுகோடி மருத்துவமனையில் தலைமை நர்ஸ் வேலை காத்திருக்கிறது. காரில்லாமல் அங்கே போய்வர முடியாது. மூன்றாவது தேர்வு மறுநாள். "இதுலயும் போச்சுன்னா இருக்கற வேலையப் பாரு" என்று கணவர் சொல்லிவிட்டார்.

அவரும் வந்திருந்தார். டயரைத் தானே தூக்கி டிக்கியில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

"பாத்து. ஏய், பாத்துப் போ. சைக்கிள் வருது பாரு."

முதல் திருப்பத்திலேயே எஞ்சின் நின்றது.

"நான் சொல்லல?"

டயரக்கா சாவியைத் திருகி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சார், இறங்குங்க."

"நான் அவ புருஷன்."

"தெரியுது. அதான் இறங்கச் சொல்றேன்."

"எங்கயாவது இடிச்சா யாரு பதில் சொல்றது?"

"ஓட்டறவங்க சொல்லுவாங்க. அவங்களுக்கும் வாய் இருக்கு."

பின்னால் நாலைந்து வண்டிகள் அலறத் தொடங்கின. நர்ஸ் திரும்பவில்லை, கண்ணாடியில் கணவரைப் பார்த்தார்.

"இறங்குங்க" என்றார். "சாயங்காலம் வீட்டுல பேசிக்கலாம்."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. சாவி கை மாறியது.

பாலத்தின் ஏற்றத்தில் பாதி ஏறியதும், முன்னால் போன பஸ் நின்றது. நர்ஸும் நிறுத்தினார். பின்னால் ஒரு லாரி வந்து ஒட்டி நின்றது. இப்படித் தொங்கி நிற்கும் இடங்களுக்காகவே டயரக்காவின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. மாணவர் தடுமாறினால் அவர் மிதித்துவிடுவார்.

பஸ் நகர்ந்தது. நர்ஸ் முதல் கியரைப் போட்டார்.

"அக்கா, உங்க கால் பிரேக்லதானே இருக்கு?"

டயரக்கா செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் தூக்கி, சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.