கூடைக்குக் கொடுக்கச் சொன்ன சென்னியப்பர்

மில் வாசலில் நின்று, சென்னியப்பர் மேஸ்திரி காலமாகிவிட்டார் என்று அவருடைய மைத்துனர் சொன்னபோது நான் நம்பவில்லை. காய்ச்சல் என்று முந்தின வாரம்தான் சொந்த ஊரான கிணத்துக்கடவுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் அவர். எங்கள் கூடைப்பந்து அணியில் கொஞ்சம் எழுதத் தெரிந்தவன் நான் என்பதால் அவரைப் பற்றி இந்த அஞ்சலியை எழுதும் கடமை எனக்கு வந்தது.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோவையில் எங்கள் மில்லின் நூற்புப் பகுதிக்கு அவர் மேஸ்திரி, ஆறடி ஆள். சென்னையில் இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, பட்டறையில் இரும்பு வளையம் அடிக்கச் சொல்லி, பஞ்சுக் கிடங்குக்குப் பின்னால் கம்பம் நட்டார். ஆட்டத்துக்கென்றே எங்கள் எட்டுப் பேரையும் வேலையில் சேர்க்கும்படி முதலாளியிடம் மன்றாடினார். முதலாளி சம்மதித்தார். மூன்று வருடத்தில் மில்களுக்கிடையிலான போட்டியில் கோப்பை வராவிட்டால் எட்டுப் பேரும் வீட்டுக்குப் போகவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். என் கல்யாணமே அந்த வேலையை நம்பித்தான் நடந்தது.

முதல் இரண்டு வருடமும் தோற்றோம். தோற்றதற்குக் காரணம் எங்கள் மரியாதை. பந்தியில் உட்காரவே “நீங்க மொதல்ல” என்று கால் மணி நேரம் நிற்கிற சனம் நாங்கள். எங்களோடு மேஸ்திரியும் களத்தில் ஆடும்போது நாம் போடுவதா என்று, கூடைக்கு அடியில் தனியாக நிற்பவன்கூடப் பந்தை அவருக்கே வீசுவான்.

“எனக்குக் குடுக்காதீங்க கண்ணு, கூடைக்குக் குடுங்க” என்று தொண்டை வறளக் கத்துவார். சரிங்க என்போம். அடுத்த பந்தும் அவருக்கே போகும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாள் முழுவதும் பேசாமல் இருந்து பார்த்தார். அந்தப் பயத்தில் இன்னும் அதிகமாகக் கொடுத்தோம்.

மூன்றாம் வருடம் எப்படியோ கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டோம். எங்கள் குட்டு எதிரணிக்குத் தெரிந்திருந்தது. அவரைச் சுற்றி மூன்று பேர் வேலி கட்டினார்கள். பாதி ஆட்டத்தில் நன்றாகப் பின்தங்கியிருந்தோம். எனக்கு வீட்டு அடுப்புதான் கண்ணில் தெரிந்தது.

அப்போது மேஸ்திரி எங்களைக் கூப்பிட்டார். “நான் உள்ள இருந்தா நீங்க ஆடமாட்டீங்க. வெளிய போறனுங்க” என்றார். மூன்று வருடமாக அந்தக் கோப்பையைக் கனவு கண்டவர், தமக்குப் பதில் வேலுச்சாமியை இறக்கிவிட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி வேப்பமரத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவரைவிடப் பெரிய மனதுக்காரரை நான் கண்டதில்லை.

தவித்துப் போனோம். பிறகு, வேறு வழியில்லாமல், ஆடினோம். கடைசி நிமிஷத்தில் சமமாக நின்றபோது பந்து என் கைக்கு வந்தது. பழக்கதோஷம், கண் அவரைத் தேடியது. தூரத்தில் முதுகுதான் தெரிந்தது. கூடைக்குப் போட்டேன், விழுந்தது.

கூச்சல் கேட்ட பிறகுதான் திரும்பினார். எப்படிப் போட்டாய் என்று கேட்டார்.

“உங்களைக் காணோமுங்க, அதான் போட்டுப்போட்டேன்” என்றேன்.

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்தபோது கண் நனைந்திருந்தது. எட்டுப் பேர் வேலையும் நிலைத்தது.

நேற்று கிணத்துக்கடவில் பாடை தூக்க, பங்காளிகள் எங்களுக்கும் இடம் கொடுத்தார்கள். முன் தண்டுக்கு யார் தோள் கொடுப்பது? “நீங்க புடிங்க”, “இல்லீங்க, நீங்க” என்று பழையபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றோம். எனக்கு அவர் குரல் காதில் விழுந்தது. யாரையும் பார்க்காமல் குனிந்து, தண்டைத் தோளில் வாங்கினேன்.

போய் வாருங்கள், மேஸ்திரி. இந்த முறையும் திரும்பிப் பார்க்க வேண்டாம். நாங்கள் ஆடிக்கொள்கிறோம்.