எந்த வருஷத்துப் புகை

பதினெட்டு வயது உடம்புக்குள் எட்டு வயது இதயத்தைப் பொருத்தினால் அந்த ஆளுக்கு வயது எத்தனை? வாடகைக் கார் ஓட்டும் அந்த மனிதர் கேள்வியை இப்படிக் கேட்பவர் அல்ல. காலையில் காரை ஓடவிட்டு, பின்னால் போய்க் குந்தி, புகைக்குழாயின் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடிப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். முகர்ந்தும் பார்ப்பார்.

"லேசா கருப்பு தெரியுதா?"

"துவைக்கிறவ நான். எனக்குத் தெரியாதா?" என்பார் மனைவி சன்னலிலிருந்து.

பதினெட்டு வருஷத்துக் காரின் பழைய எஞ்சின் ஒரு மேட்டில் ஏறும்போது உயிரை விட்டது. மெக்கானிக்கான மைத்துனர், கப்பலில் வந்திறங்கிய எஞ்சின் ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டினார். எங்கோ வெளிநாட்டில் மோதி நொறுங்கிய, எட்டு வருஷத்துக் காரிலிருந்து கழற்றியது. வண்டி சத்தமில்லாமல் ஓடியது. இவருக்குத்தான் தூக்கம் போனது.

"அங்க புகை டெஸ்ட்டுல பாஸான எஞ்சின், அத்தான். இங்க மட்டும் ஃபெயிலாயிடுமா?"

"அங்க சட்டம் வேற, இங்க வேற."

"புகைகிட்ட பாஸ்போர்ட்டா கேக்கப் போறாங்க?"

மைத்துனர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

புகைச் சோதனையில் தோற்றால் வாடகை உரிமம் போய்விடும். அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. அலுவலகத்தில் ஒரு சன்னலில், கார் செய்த வருஷத்துக்கு உண்டான புகை அளவுக்குள் இருந்தால் போதும் என்றார்கள். அடுத்த சன்னலில், எஞ்சின் செய்த வருஷம்தான் கணக்கு, அந்த அளவு கடுமையானது என்றார்கள். மூன்றாவது சன்னலில் ஆள் சாப்பிடப் போயிருந்தார்.

அதன்பிறகு பயணிகளுக்கும் நிம்மதி இல்லை. "சார், ஏதாவது வாடை வருதா?" என்று திரும்பித் திரும்பிக் கேட்பார். "என் சென்ட்டுப்பா அது. ரோட்டைப் பாரு," என்றார் ஒருவர்.

துணிச்சல்காரர் என்று அவரை யாரும் சொன்னதில்லை, சொல்லவும் முகாந்திரம் இல்லை. கோழி சாலையைக் கடந்தால்கூட, ஹாரன் அடித்துவிட்டு அதனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் காத்திருப்பார்.

சோதனைக்குப் போன அன்று மனைவியையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். சோதிக்கும் பெண் குழாய்க்குள் கருவியைச் செருகி, காகிதத்தைப் பார்த்து வருஷத்தைத் தட்டினாள். திரையில் எண் வந்ததும் இவர் எஞ்சினை அணைத்தார்.

"பாஸ். கிளம்புங்க."

மனைவி அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். இவர் கிளம்பவில்லை.

"எந்த வருஷம் போட்டீங்கம்மா?"

"கார் வருஷம்."

"எஞ்சின் வருஷம் வேறயாச்சே."

"அதைப் போட்டா அளவு பாதியாக் குறையும், சார். ஃபெயிலாச்சுன்னா அதையும் நான் எழுதித்தான் ஆகணும். எதுக்கு வம்பை விலைக்கு வாங்கறீங்க?"

மனைவி அவர் தொடையில் கிள்ளினார். "பேசாம வண்டியை எடுங்க!" பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன.

அதற்குமேல் செய்ததற்கு அவர் இன்றுவரை காரணம் சொன்னதில்லை. மைத்துனர் கேட்டால் குனிந்து டயரைப் பார்க்கிறார். மனைவி கேட்டால் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார்.

அணைத்திருந்த எஞ்சினை மறுபடி கிளப்பினார். "எஞ்சின் வருஷத்தையே போடுங்கம்மா," என்றார். கியரிலிருந்து கையை எடுத்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.