பசுவந்தனையில் ஒரு கேமரா: வாங்கப் போனதும் வாங்காமல் வந்ததும்

விளையாட்டுப் படம் எடுக்கப் பழைய கேமரா வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: விற்கிறவர் வீட்டுக்கு நேரில் போங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு பழைய பயணத்தைச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம், மாசி மாதம். கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தேன். எங்கள் பிள்ளைகள் ஹாக்கியில் நன்றாக ஆடினார்கள். படம் கொடுத்தால் போடுகிறோம் என்று ஒரு நாளிதழின் உள்ளூர் நிருபர் சொல்லியிருந்தார். ஆனால் என்னிடம் இருந்த பெட்டிக் கேமராவில் ஓடுகிற பிள்ளை புகை மாதிரிதான் விழுவாள். பினாங்கிலிருந்து வந்த என் தம்பி, விசாரிக்காமல் ஒரு நூற்று முப்பத்தைந்து எம்எம் லென்ஸை மட்டும் வாங்கி வந்து கொடுத்திருந்தான். அதைத் திருகி மாட்டக் கேமரா உடல் இல்லை. லென்ஸ் ஒரு வருடமாக பீரோவில் கிடந்தது.

அடுத்த மாதம் இறுதி ஆட்டம். பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர், திருகு லென்ஸ் மாட்டுகிற ஜப்பான் உடல் ஒன்றுக்கு ஆயிரத்து எண்ணூறு கேட்டார். என் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். நான் முகம் சுளித்ததைப் பார்த்து அவரே சொன்னார்: "பசுவந்தனையில ரங்கசாமின்னு ஒருத்தர் இருக்காரு. மாட்டுவண்டிப் பந்தயம் படம் எடுப்பாரு. இதே கேமராவை தொள்ளாயிரத்துக்கு விக்காராம்."

"பாதி விலைக்கா? ஏன்?"

"அதான் எனக்கும் தெரியல டீச்சர்" என்றார். அவர் ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். சிரித்தார். சந்தேகம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

ஞாயிறு காலை ஏழரை மணி பேருந்து. இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய், ஒரு மணி நேரம் ஆனது. இருபுறமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. பருத்திக் காட்டில் ஆட்கள் குனிந்திருந்தார்கள். லென்ஸைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா அது என்ன என்று கேட்டதற்கு, மருந்து பாட்டில் என்றேன். பணத்தோடு தனியாகப் போகிறேன் என்ற பயம் எனக்கு.

ரங்கசாமிக்கு ஐம்பது வயதிருக்கும். களத்தில் மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர், இங்கன நெழல்ல இரிங்க" என்று கட்டிலைக் காட்டினார். கேமராவை ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்தார். கீறல் இல்லை. பின்கதவைத் திறந்து ஷட்டர் துணியை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன், ஓட்டை இல்லை. ஒரு நொடி வேகத்தை என் ஸ்டாப் வாட்சில் ஐந்து முறை சோதித்தேன், சரியாக இருந்தது. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்திலும் சத்தம் சுத்தம். அவ்வளவும் சரியாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணாச்சி, நீங்க எடுத்த படம் காட்டுங்களேன்" என்றேன்.

தயங்கினார். வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி சீத்தம்மாள் ஆல்பத்தைக் கொண்டு வந்தார். ரங்கசாமி அதை வாங்கி, முகத்தருகே பிடித்துப் புரட்டிவிட்டு என்னிடம் தந்தார். முதல் பக்கங்களில் காளைகளின் மூக்கணாங்கயிற்று முறுக்குக்கூடத் தெரிந்தது. கடைசிப் பக்கங்களில், போன வருடப் படங்களில், காளைகள் மங்கல், பின்னால் நின்ற கூட்டம் மட்டும் தெளிவு. கை ஆடியதால் வந்த மங்கல் இல்லை அது. ஃபோகஸ் தப்பியிருக்கிறது. கேமரா கீழே விழுந்து உள்கண்ணாடி நகர்ந்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

"இது கீழ விழுந்துச்சா?"

"இல்ல டீச்சர். சத்தியமா இல்ல."

அப்போது சீத்தம்மாள் அவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவரும் தெலுங்கில் கடுப்பாகப் பதில் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. என்னை ஏமாற்றத்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு வாரம் வைத்துச் சோதிக்க வேண்டும் என்றேன். அவருக்கு என் மேல் சந்தேகம். "உள்ள இருக்க சாமானை மாத்திட்டு, சரியில்லைன்னு திருப்பிக் குடுத்தா நான் எங்கன போவேன்?" என்றார். கடைசியில் தொள்ளாயிரத்தையும் அவரிடமே கொடுத்து, தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். நன்றாக இருந்தால் ஒரு தபால் கார்டு போட்டால் போதும், கேமரா எனக்கு. இல்லையென்றால் அடுத்த ஞாயிறு கொண்டுவந்து பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

திங்கள் மாலை பயிற்சியில் ஒரு ரோல் முழுவதும் எடுத்தேன். புதன்கிழமை ஸ்டுடியோக்காரர் படங்களை மேசையில் பரப்பினார். கோல் கீப்பர் முத்துமாரியின் காலில் பட்டுத் தெறித்த பந்து, அதன் தையலோடு தெரிந்தது. முப்பத்தாறு படத்தில் முப்பதுக்கு மேல் கூர்மை. கேமராவில் பழுதே இல்லை.

பழுது கேமராவில் இல்லையென்றால் மங்கல் எங்கிருந்து வந்தது? ரங்கசாமி ஆல்பத்தை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"பேசாம கார்டு போட்டுருங்க டீச்சர்" என்றார் ஸ்டுடியோக்காரர். எழுதினேன். 'கேமரா நன்றாக இருக்கிறது' என்று ஒரே வரி. அது பொய்யில்லை. மூன்று நாள் அது கைப்பையிலேயே இருந்தது. போட்டால் கேமரா என்னுடையது. ஆனால் அந்த மனிதர் கேமராதான் கெட்டது என்று நம்பிக்கொண்டே கண்ணைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏழரை மணி பேருந்தில் ஏறினேன். இறங்கும்வரை சொல்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கவில்லை.

படங்களை வாங்கிக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். "இது வேற கேமராவில எடுத்தது" என்றார். "நல்லாருக்க சாமானுக்கு யாராவது பஸ் ஏறித் திரும்ப வருவாங்களா? என்ன விசயம், சொல்லுங்க."

இருபதடி தள்ளிக் கட்டியிருந்த காளையின் கொம்பை ஃபோகஸ் செய்யச் சொன்னேன். செய்து, வளையத்தை அசைக்காமல் என்னிடம் கொடுத்தார். எனக்கு எல்லாமே மங்கலாகத் தெரிந்தது. நான் சரிசெய்து திருப்பிக் கொடுத்தேன்.

"இப்ப எப்படி இருக்கு அண்ணாச்சி?"

வெகுநேரம் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு."

பிறகு சீத்தம்மாள், இந்த முறை தமிழிலேயே, "போன வாரமும் இதத்தான சொன்னேன். கேமராவை விக்காதீங்க, கண்ணைக் காட்டுங்கன்னு. கேக்கவா செஞ்சாவ?" என்றார்.

நான் சதி என்று நினைத்த தெலுங்கு அதுதான். எனக்கு முகம் சுட்டது.

ரங்கசாமி கேமராவை மடியில் வைத்துக்கொண்டார். "பழுதுன்னு நெனச்சுத்தான் ஒங்க தலையில கட்டப் பாத்தேன் டீச்சர். சொல்லாம வித்தது தப்பு." உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்து நீட்டினார். "இந்தக் கேமராவை நான் குடுக்கல."

இதை எதிர்பார்த்துத்தான் வந்தேன் என்று சொன்னால் பொய். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இறுதி ஆட்டம் முடியும்வரையாவது கொடுங்கள் என்று கேட்டேன். யோசித்தார். "வச்சுக்கோங்க. ஆனா ஒரு தாள்ல எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

இறுதி ஆட்டத்தில் நாங்கள் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். முத்துமாரி பாய்ந்து தடுத்த படம் நாளிதழில் வந்தது. மறுநாளே கேமராவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனி மாதம் அவரிடமிருந்து கார்டு வந்தது. மதுரையில் ஒரு கண்ணுக்குப் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றுக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.

நான் பிறகு எழுநூறு ரூபாய்க்கு ஒரு பழைய ருஷ்ய உடல் வாங்கினேன். கனம் அதிகம், ஐந்நூறில் ஒரு பங்குதான் அதிகபட்ச வேகம். பள்ளி ஹாக்கிக்கு அது போதும். பந்து வரும் இடத்தை முன்கூட்டியே ஃபோகஸ் செய்து காத்திருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டியதில்லை. வாங்கும்போது உங்கள் லென்ஸைக் கையோடு கொண்டுபோங்கள், ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்க்காமல் பேரத்தை முடிக்காதீர்கள், விற்கிறவர் கடைசியாக எடுத்த படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நன்றாகச் சந்தேகப்படுங்கள், தப்பில்லை. சோதனையில் தெரிந்ததை விற்கிறவரிடமும் சொல்லிவிடுங்கள், கேமரா கைவிட்டுப் போனாலும் சரி.