பூசணம் பூத்த கிழங்கு

அம்மா இருந்தாள். மாமா இருந்தார். மாமா மகன் இருந்தான். உள்ளறையில் அக்கா, அவள் பெற்ற பதினெட்டு நாள் பிள்ளை. பிறகு நான், ஒன்பது வயது. அப்பா தேயிலை ஃபேக்டரியிலிருந்து இன்னும் வரவில்லை.

மாமாவுக்குப் பக்கத்து ஊரான கியா பார்மில் காய்கறித் தோட்டம். வேலியோரம் தண்ணீர்விட்டான் கிழங்கும் போட்டிருந்தார். காய்ச்சிக் கொடுத்தால் அக்காவுக்குப் பால் ஊறும் என்று தோண்டினார். பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் மூன்று நாள் காயவைத்து உரச்சாக்கில் கட்டினார். எங்கள் மலையில் மூன்று நாளில் துணியே காயாது. அன்றைக்கு எங்கள் வாசலில் சாக்கை அவிழ்த்தால் கிழங்கெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது.

“ஒண்ணுமில்ல லா, பனிக்குப் பூத்திருக்கு. தேய்ச்சா போயிடும்.”

மாமா எனக்கும் அவர் மகனுக்கும் ஆளுக்கொரு பழைய பல் பிரஷ் கொடுத்தார். அதிகம் தேய்க்கிறவருக்கு மாமா லோரியில் முன் சீட்டு, பிரிஞ்சாங் டவுன் வரைக்கும்.

அவ்வளவுதான். கை பறந்தது. தும்மித் தும்மித் தேய்த்தோம்.

“ஏ ஆமை, லோரி போயிடும்,” என்றான்.

“உன் கிழங்குக்குத் தாடி இருக்கு. மொதல்ல அதச் செர.”

அம்மாவே சிரித்துவிட்டாள்.

நான்தான் ஜெயித்தேன். என்னுடையதில் தேய்த்துச் சுத்தமாக வெள்ளை வெளேர் என்றிருந்ததைப் பொறுக்கி, அடுப்படியில் அக்காவுக்காகக் கழுவிவைத்திருந்த காலி டின்னில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அம்மா திறந்து பார்த்து அசரட்டும்.

அப்பா வந்தார். கிழங்கை மோந்தார். ஒன்றை ஒடித்தார். நடுவிலும் பச்சை.

“என்ன மச்சான் இது?”

“மேலதான் அத்தான். தேய்ச்சாச்சு.”

“அரைகுறையாக் காஞ்ச தேயிலைய மூட்ட கட்டுவமா? பூசண விஷம் உள்ள எறங்கிடும். தேய்ச்சாலும் போகாது, காய்ச்சினாலும் போகாது. பெத்தவளுக்கா குடுக்கப் பாத்த?”

மாமா கிழங்கைப் புதைக்க மண்வெட்டி எடுத்தார்.

என் முன் சீட்டும் புதைந்துவிடும் போலிருந்தது.

“டின்னுல இருக்கறதும் என் கணக்குப்பா.”

“எந்த டின்னு?”

“அக்கா டின்னு.”

எல்லோரும் உள்ளே ஓடினோம். அடுப்பில் கெட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அக்காதான் வைத்திருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் அதுவரை வாசலில்தான் இருந்தோம். அம்மா கெட்டிலை இறக்கினாள்.

“எத்தன போட்ட?” என்றார் அப்பா. சொன்னேன்.

டின்னைத் தரையில் கொட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார். என் ஜெயத்தைத்தான் சரிபார்க்கிறார் என்று நினைத்து, மாமா மகனைப் பார்த்து நாக்கைத் துருத்தினேன். நான் சொன்ன கணக்கு அப்படியே வந்தது.

பன்னிரண்டு.