சகலை கடையின் ஸ்டியரிங்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, அவளுடைய அக்கா, அக்காவின் கணவரான என் சகலை, என்னோடு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற நண்பர். ஆறாவது ஆள் கிடையாது. டீக்கடைக்காரர்கூட கிளாஸ்களை வாசலில் வைத்துவிட்டு அப்படியே போய்விட்டார். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், பிற்பாடு கேட்டபோது இந்த ஐந்து பேரில் ஒருவர், தான் அடுப்பண்டை நின்று குழம்பைச் சுடவைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அந்தக் கடையில் அடுப்பே கிடையாது.

கடை கவரைப்பேட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. சகலை அதில் முதலில் செல்போன் கவர் விற்றார், ரீசார்ஜ் செய்தார். எல்லோரும் தங்கள் போனிலேயே ரீசார்ஜ் செய்துகொள்ள ஆரம்பித்ததும் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் இந்தக் கார் ரேஸ் யோசனை அவருக்கு வந்தது. ஒரு சீட்டு, எதிரே ஒரு பெரிய திரை, கையில் ஸ்டியரிங், காலில் பெடல். கால் மணி நேரத்துக்கு எண்பது ரூபாய்.

ஸ்டியரிங்கைப் பற்றித்தான் அவர் மாதக்கணக்கில் பேசினார். முன்பு வந்த ஸ்டியரிங்குகளில் உள்ளே பல்சக்கரமோ பெல்ட்டோ இருக்குமாம். திருப்பினால் கரகரவென்று பொம்மை மாதிரி இருக்குமாம். டைரக்ட் டிரைவ் என்பது வேறு. மோட்டாரின் தண்டிலேயே ஸ்டியரிங்கை நேராக மாட்டிவிடுவார்கள். திரையில் கார் பள்ளத்தில் விழுந்தால் அந்த அடி கைக்கு வரும். லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த சாமான் இப்போது நம்மைப் போன்றவர்களும் வாங்குகிற விலைக்கு இறங்கிவிட்டது என்று அவர் சொன்னார். அது உண்மைதான். விலைதான் இறங்கியது. மோட்டாருக்குத் தன்னை மலிவாக விற்றுவிட்டார்கள் என்று தெரியுமா என்ன?

"சகலை, சென்னைல மால்ல இதுக்கு லைன்ல நிக்கிறானுங்க. நம்ம கம்பெனி ஆளுங்க ஞாயித்துக்கெழம எங்க போவாங்க? இங்க இன்னா கீது, டாஸ்மாக்க உட்டா?"

அக்கா கேட்டாள், தங்கை கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். நான்தான் அதை அடகுக் கடைக்கு எடுத்துப் போனேன். முப்பத்திரண்டாயிரம் கிடைத்தது. மாதம் இரண்டாயிரமாகத் திருப்பித் தருவதாகப் பேச்சு. மோட்டார், ஸ்டியரிங், பெடல் மூன்றுக்கும் அந்தப் பணம் ஏறக்குறைய சரியாகப் போயிற்று. ஆபத்து என்றால் ஒரே அடியில் மோட்டாரை நிறுத்துகிற சிவப்பு பொத்தான் ஒன்று தனியாக விற்றார்கள். அது வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்போதிலிருந்தே எதைப் பார்த்தாலும் முதலில் அதில் என்ன கெட்டது நடக்கும் என்றுதான் என் புத்தி போகும். கடையைப் பார்த்ததும் எனக்கு வந்த பயங்கள் இவை: சதுர பைப்பை வெல்டிங் வைத்துச் செய்த ஸ்டாண்டு விட்டுவிடும், பிளக்கில் எர்த் இல்லை, ஷாக் அடிக்கும், எலி ஒயரைக் கடிக்கும், மின்சார வாரியத்தார் வந்து மீட்டரைக் கேட்பார்கள், போலீஸ்காரர் வந்து சூதாட்டம் என்பார். ஒவ்வொன்றையும் சகலையிடம் சொன்னேன். அண்ணி, அதாவது மனைவியின் அக்கா, என்னைப் பார்த்து, "ஒங்கூட்டுக்காரர ஒரு வாட்டி மந்திரிச்சுகினு வா" என்று தங்கையிடம் சொன்னார்கள். அந்தப் பயங்களில் ஒன்றுகூட இன்றுவரை பலிக்கவில்லை. வெல்டிங் கெட்டியாக இருக்கிறது. எலி வரவில்லை.

நான் பயப்படாதது ஒன்றே ஒன்று.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் வண்டியின் ஸ்டியரிங்கில் ஒரு குமிழ் இருக்கும். நாப் என்போம். இடது கையால் அந்த நாப்பைப் பிடித்துத்தான் வண்டியைத் திருப்புவோம். வலது கை, பளுவை ஏற்றி இறக்குகிற லீவர்களில் இருக்கும். பத்து வருடங்களாக எங்கள் வீட்டுக்கு அரிசி வந்தது அந்த இடது கையால்தான். அந்த ஸ்டியரிங் ஆயிலில் வேலை செய்வது. நாம் சுற்றினால்தான் சுற்றும். டயர் கல்லில் ஏறினாலும் கைக்கு ஒன்றும் தெரியாது.

கடை திறக்கிற அன்று நாங்கள் போனபோது ரேஸ் ஸ்டியரிங்கின் விளிம்பில் ஒரு நாப் போல்ட்டு போட்டு இறுக்கப்பட்டிருந்தது. கார்களுக்கு மாட்டுவதற்காகக் கடைகளில் விற்கிற நாப்தான்.

"ஒங்க ஆளுங்களுக்காகத்தான் சகலை. ஃபோர்க்லிஃப்ட்டு, டிராக்டரு, ஜேசிபி ஓட்றவன்தான் நம்ம கஸ்டமரு. அவனுக்கு ரெண்டு கையால புடிக்கறது பேஜாரு. இத்தப் பாத்தா டக்குனு ஒக்காந்துடுவான்."

அண்ணி அந்த நாப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நண்பர், "நைனா, நம்ம வண்டியே ஊட்டுக்கு வந்துடுச்சு" என்று சிரித்தார். அவர் ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கத்து ஆள், பேச்சில் பாதி தெலுங்கு இருக்கும். எனக்கும் அந்த நாப்பைப் பார்த்ததும்தான் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. தெரியாத சாமான்களுக்கு நடுவே தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்த மாதிரி. தானாகத் திரும்புகிற ஸ்டியரிங்குக்காகத்தான் இவ்வளவு பணம் கொடுத்திருக்கிறோம், அதில் கையை மாட்டிவைக்கிற சாமானைப் போய்ப் பொருத்தலாமா என்று எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நண்பர்தான் முதலில் உட்கார்ந்தார். மோட்டாரின் பலத்தைத் திரையில் பாதியாக வைத்திருந்தார் சகலை. நண்பர் நாப்பைப் பிடித்துக்கொண்டு கிடங்கில் போகிற வேகத்தில் போனார். வளைவு வந்ததும் ஏதோ தேடினார்.

"இன்னாபா தேடுற?"

"ஹாரன் எங்கணா?"

"யோவ், இது ரேஸு! கோடவுன் இல்ல!"

"வளைவுல ஹாரன் அடிக்கலன்னா சூப்பர்வைசர் ஃபைன் போடுவான்ணா."

"பின்னாடி ஆம்புலன்ஸ் வருது, வழி உடச் சொல்லு அவர" என்றார்கள் அண்ணி. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அடுத்தது நான். வேண்டாம், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"நகைய வெச்சவனே ஒக்காரலன்னா வர்ற கஸ்டமர் இன்னா நெனப்பான்? பொம்பளைங்கள ஒக்கார வெக்கட்டுமா?" என்றார் சகலை.

"ஒரு வாட்டிதான் ஒக்காருங்களேன், இவ்ளோ சொல்றாரே மாமா" என்றாள் என் மனைவி.

உட்கார்ந்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என் காலடியில் கிடந்தது. அதில் ஒரு பிளக் லூசாக இருப்பது போலத் தெரிந்தது, குனிந்து அதை அழுத்திவிட்டேன். அந்த நேரத்தில்தான் சகலை பலத்தை முழுசாக ஏற்றினார். "பாதிக்காபா காசு குட்த்தோம்?" என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டே ஏற்றினார். நான் பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் ஒரு நிமிடம் நன்றாக இருந்தது. தார் ரோட்டின் சொரசொரப்பு உள்ளங்கையில் ஓடியது. வளைவில் கார் இழுக்கும்போது ஸ்டியரிங் கனத்தது, நேரானதும் இளகியது. பத்து வருடமாக நான் ஓட்டிய வண்டி ஒருநாளும் இப்படி என் கையோடு பேசியதில்லை. வேகம் போனேன். நான், பைக்கில் நாற்பதைத் தாண்டாதவன்.

பெரிய வளைவு ஒன்று வந்தது. எங்கள் வண்டியில் பின் சக்கரம்தான் திரும்பும், நாப்பை முழுச் சுற்றாகச் சுற்றித்தான் வளைப்போம். அந்தப் பழக்கத்தில் நாப்பை ஒரே சுற்றாகச் சுற்றிவிட்டேன். கார் பக்கவாட்டில் போய்ச் சுவரில் மோதியது. ஸ்டியரிங் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் சுற்றியது. சாதாரண விளிம்பாக இருந்தால் கை வழுக்கி விட்டிருக்கும். நாப் விடவில்லை. கையையும் சேர்த்துக் கொண்டுபோய்த் திரையைத் தாங்குகிற பைப்பில் அடித்தது.

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். திரையில் கார் பறந்ததைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆட்டம் அந்த மோதலை இன்னொரு தடவை மெதுவாகப் போட்டுக் காட்டியது, அதற்கும் சிரித்தார்கள். நான் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முகத்தை முதலில் பார்த்தவர் நண்பர்தான்.

அதற்குள் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. முதல் கஸ்டமர்கள். சகலை சட்டைப் பையிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை எடுத்து நண்பரிடம் கொடுத்து, "நீ இட்டுகினு போய்க் காமிபா, நான் கடைய பாத்துகினு பின்னாலயே வரேன்" என்றார். வரவில்லை.

மணிக்கட்டில் சின்ன எலும்பு ஒன்று ஒடிந்திருந்தது. சின்ன எலும்புதான், ஆனால் சேர நாளாகும் என்றார் டாக்டர். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் அது சரியாகச் சேரவில்லை. கிடங்கில் சூப்பர்வைசர் என்னை வண்டியில் ஏறி ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார். இரண்டாவது திருப்பத்தில் நாப்பைச் சுற்றும்போது கை விட்டுப்போனது, பளு தூக்குகிற ஃபோர்க், சரக்கு அடுக்கியிருந்த ரேக்கில் உரசியது. அவர் திட்டவில்லை. எறங்கிக்கப்பா என்று மட்டும் சொன்னார். இப்போது நான் கேட்டில் நின்று உள்ளே வருகிற லாரிகளின் நம்பரைப் பார்க்கிறேன். ஆபரேட்டர் சம்பளத்தில் பாதிதான் வருகிறது. என் வண்டியை நண்பர் ஓட்டுகிறார். கேட்டைத் தாண்டும்போது ஹாரன் அடிக்கிறார், நான் கை காட்டுகிறேன்.

கட்டுப் போட்டிருந்த வரைக்கும் சகலை மாதா மாதம் இரண்டாயிரத்தை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று மாதம். நான்காம் மாதம் வரவில்லை. ஐந்தாம் மாதம் நானே கடைக்குப் போனேன்.

உள்ளே கூட்டம். இளைஞர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சகலையின் குரல் வாசலுக்குக் கேட்டது.

"இந்த வீலு ஒரு ஆளு கையவே ஒடிச்சிருக்குபா. பத்து வருசம் ஃபோர்க்லிஃப்ட்டு ஓட்டனவரு. அவருக்கே தாங்கல. அவ்ளோ பவரு!"

"அண்ணா, அந்தப் பவருல வெய்ணா."

"அதுக்கு அம்பது ரூபா எக்ஸ்ட்ரா."

கொடுத்தான். அடுத்தவனும் கொடுத்தான். நான் செருப்பைக் கழற்றாமல் நின்றேன். ஸ்டியரிங்கில் நாப் இல்லை. அது இருந்த இடத்தில் போல்ட்டு இறுக்கிய தடம் மட்டும் இருந்தது. சீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சிவப்பு பொத்தான்.

"வா சகலை, வா. கை எப்டி கீது?"

"அப்டியே கீது. ரெண்டு மாசமா பணம் வரல."

அவர் என்னை வெளியே அழைத்து வந்தார். தோளில் கை போட்டுக்கொண்டுதான் வந்தார்.

"இன்னா சகலை, கஸ்டமர் முன்னாடி. அந்த நாப்ப யாருக்கோசரம் மாட்டனேன்? ஒனக்கோசரம்தானே? நீ கேட்டே, மாட்டனேன். அத்தால எனக்கு வீலுல தடம். ஒரு வாரம் ஒருத்தன் உள்ள வரல."

"நான் எங்க கேட்டேன்?"

"கேக்காமயா நான் காருக்குப் போடறத வாங்கியாந்து இதுல போடுவேன்? கடையில அன்னிக்கி இருந்தவங்களக் கேளு."

கேட்டேன். அண்ணி, அடுப்பண்டை இருந்ததாகச் சொன்னார்கள். நண்பர் கேட்டில் வண்டியை நிறுத்தி, "நைனா, குடும்ப விசயம், டப்பு விசயம், என்னிய ஏன் இதுல இழுக்குற" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். கடைசியில் என் மனைவியைக் கேட்டேன். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

"நீ இருந்தியே. நான் நாப் கேட்டனா?"

"கேக்கல."

"அத்த ஒங்க அக்காகிட்ட சொல்லு."

அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். "சொன்னா இன்னா ஆவும்? அவ ஊட்டு வாசப்படி எனக்கு இல்லாமப் போவும், அவ்ளோதான். நீங்களும்தான் சிரிச்சுகினு ஓட்னீங்க."

ஆமாம், சிரித்துக்கொண்டுதான் ஓட்டினேன். அதற்குப் பிறகு அவளிடம் இதைப் பற்றிப் பேசவில்லை. அடகுக் கடை வட்டியை என் கேட் வேலைச் சம்பளத்திலிருந்து கட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சகலை கடை நிரம்புகிறது. இரண்டாவதாக ஒரு ஸ்டியரிங் வாங்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இதைவிடப் பலமானதாம், இதைவிட மலிவானதாம்.

ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த ஆயிரத்து ஐந்நூறைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறார். கழிக்க மாட்டேன். அது அவர் கடையில் ஒடிந்த கைக்கு. மூன்று மாதம் கொடுத்த ஆறாயிரத்தை மட்டும் கழிக்கிறேன். சகலை தர வேண்டிய பாக்கி இருபத்தாறாயிரம் ரூபாய்.