தொப்புளில் காலணா

மோர்ப்பானையைத் தலைக்கு ஏற்றுமுன் பூங்காவனம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, தொப்புளில் ஒரு காலணாவை வைத்து அழுத்தி, மேலே பழந்துணியைச் சுற்றி இறுக்குவாள். அப்புறம்தான் கள்ளிக்குப்பத்திலிருந்து பாடிக்கு மோர் விற்க நடை.

ஐந்து பெற்றவள். கடைசிப் பிரசவத்துக்குப் பின் தொப்புள் எலுமிச்சம்பழமாகப் புடைத்துக்கொண்டது. "இன்னாடி, ஆறாவதா?" என்று கேட்பவர்களிடம், "ஆமா, உன் ஊட்டுக்குத்தான் தத்து குடுக்கப் போறேன்" என்பாள்.

காசு கட்டுவது எங்கள் பக்கத்தில் பச்சைக்குழந்தைக்குச் செய்யும் வைத்தியம். அநேகக் குழந்தைகளுக்குத் தொப்புள் ஓட்டை தானாகவே மூடிவிடும். பெயர் காசுக்குப் போகும்.

"கொயந்தைக்கு உள்ள பூடுது, எனக்குப் பூடாதா நர்சம்மா?"

"குழந்தை வளருது, ஓட்டை மூடுது. நீ இனிமே எங்கடி வளரப் போறே?"

"அகலத்துல வளர்றேனே!"

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த ஓட்டை வழியே பிதுங்கி, படுத்தால் உள்ளே போகும் குடல் ஒரு நாள் அதிலேயே நெரிபட்டு நின்றுவிட்டால், புடைப்பு கல்லாகும், வாந்தி நிற்காது, ரத்தம் ஓடாமல் குடல் அழுகும். அப்போது அறுத்தாலும் பிழைப்பது நிச்சயமில்லை. அப்படிப் போனவர்களை நான் துடைத்து அனுப்பியிருக்கிறேன். பெல்ட் போட்டால் கொஞ்ச காலம் தாங்கும். ஓட்டை அப்படியேதான் இருக்கும். முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குப் போனால் குளோரோபாரம் கொடுத்து, குடலை உள்ளே தள்ளி, வயிற்றுச் சுவரின் ஒரு விளிம்பை மற்றதன்மேல் ஏற்றித் தைத்துவிடுவார்கள். இதை அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

கத்திக்கு அவள் பயப்படவில்லை. தையல் இறுகிப் பிடிக்க மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாது என்றதும்தான் முகம் சுருங்கியது.

"மூணு மாசம் போவலைன்னா, மோர் விக்கிற அந்தத் தாயம்மா நான் ஊத்துற ஊடு எல்லாத்தையும் புட்ச்சுக்குவா."

"நீ செத்தாலும் புடிச்சுக்குவா."

எருமைக்குத் தவிடு கலந்துகொண்டிருந்த அவள் புருஷன் கங்காதரன் நிமிர்ந்தான். பால் கறப்பது ஆண் வேலை, மோர் விற்பது பெண் வேலை என்பது அந்த வீட்டுச் சட்டம். "நான் எடுத்துகினு போறேன்" என்றான் மெதுவாக.

"ஊர் சிரிக்கும்யா."

"சிரிக்கட்டும். நீ உசுரோட இருந்தா, அது போதும்."

மாசியில் பட்டணத்து ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். காயம் சுத்தமாக ஆறிற்று. பங்குனி முடிவில் அவர்களைப் பாடித் தெருவில் பார்த்தேன். பூங்காவனம் வெறுங்கையோடு முன்னால் நடந்து, "மோரே... மோரு!" என்று தெருவை எழுப்பிக்கொண்டிருந்தாள். பின்னால் மீசையும் பானையுமாகக் கங்காதரன். எதிரே தாயம்மா தன் பானையோடு வந்தாள்.

"இன்னா அண்ணாத்தே, பொடவை கட்டிக்கலியா?"

கங்காதரன் தலை குனிய, பானை முன்பக்கம் சரிந்தது. பிடிக்கப் பூங்காவனத்தின் இரண்டு கைகளும் எழுந்தன. பாதியில் நிறுத்தி, இடுப்பில் ஊன்றிக்கொண்டு, அவனைப் பார்த்து மோவாயை மட்டும் மேலே உயர்த்திக் காட்டினாள்.