எப்போதும் ஐந்து

எங்கள் அத்தானுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தாலே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஏழு மாதமாகப் பேருக்கு உயிரோடு இருந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், படுக்கச் சொன்னால் படுப்பார். ஒருநாள் அக்கா அவர் எதிரிலேயே அழுதாள். துண்டை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். எனக்கு அவரைப் பிடித்து உலுக்கலாம் போல ஆத்திரம். அது மனச்சோர்வு என்று டாக்டர் சொன்ன பிறகும் ஆத்திரம் உடனே போய்விடவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதினார். கூடவே வாரம் ஒருமுறை மசாஜுக்கும் போகச் சொன்னார். "மாத்திரையை நிறுத்திடாதீங்க. இது அதுக்குத் துணைதான்."

செவ்வாய்தோறும் என் ஸ்கூட்டரில் கூட்டிப்போவேன். மூலையில் எனக்கொரு நாற்காலி. மசாஜ் செய்யும் அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அழுத்தும்போதெல்லாம், "அழுத்தம் பத்துக்கு எவ்வளவு தெரியுது?" என்று கேட்பார். முழங்கையால் அழுத்தினாலும் அத்தான் "அஞ்சு" என்பார். விரலால் தடவினாலும் அஞ்சுதான். நாலாவது வாரம் அந்த அம்மா இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு, சும்மா நின்றபடியே கேட்டார்.

"அஞ்சு."

எனக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

"நான் கையே வைக்கலைங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அதுவும் பதில்தான்."

குப்புறப் படுத்திருந்தவர் தலையைத் தூக்காமலே, "எதுவுமே தெரியலைங்க. சொன்னா வீட்டுல அவ பயந்துடுவா," என்றார்.

அக்கா தினமும் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அவர் தினமும் பரவாயில்லை என்பார். டாக்டரிடமும் அதே பரவாயில்லைதான். அதை நம்பி நாங்கள் அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வெட்கமாக இருந்தது.

"டாக்டர்கிட்டயும் இதையே சொல்லுங்க," என்று சொல்லி அந்த அம்மா எங்களை அனுப்பினார்.

அன்று சாயங்காலம் அடுக்களையில் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்குப் போனாள். டிவியை வெறித்துக்கொண்டிருந்தவரின் தோளில் கை வைத்தாள்.

"எவ்வளவு தெரியுதுங்க?"

"அஞ்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"தெரியலை," என்றார்.

அக்கா பயந்துதான் போனாள். முகத்திலேயே தெரிந்தது. கை மெல்ல நழுவியது.

"எடுக்காத," என்றார் அத்தான், டிவியைப் பார்த்தபடியே. "இருக்கட்டும்."